சேலை போய் வந்த இடங்கள்

கோவிட் காலத்தைத் தள்ளிவிட்டால், ஜெயலெட்சுமி அக்கா வீட்டில் இடியாப்ப நாழி சத்தம் போடாத காலை என்று இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டைத்தான் நான் கண்டிருந்தேன். ஒன்று அவர் மாமியார் போன அன்று. இன்னொன்று மூத்த மகன் புவனேஸ்வரன் கல்யாணத்தன்று. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டின் ஐந்தாம் மாடியில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. நடுவில் இருக்கிற சுவர் சும்மா பேருக்குத்தான். அக்கா அந்த மரநாழியை இரண்டு கையாலும் அழுத்தும்போது அது முனகும். அந்த முனகலைக் கேட்டுத்தான் நான் எழுந்து வடைக்குப் பருப்பு அரைப்பேன். ஏழு மணிக்கெல்லாம் பாசார் என்கிற காலைச் சந்தையில் ஒரே மேசையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு நிற்போம். அந்தப் பக்கம் இடியாப்பம், தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை. இந்தப் பக்கம் என் வடை.

அந்தத் திங்கட்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் நன்றாக அசந்து தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. ஊறப்போட்ட பருப்பு நுரைத்துக் கிடந்தது. வந்த எரிச்சலில் அப்படியே போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

நல்லமுத்து அண்ணன்தான் திறந்தார். அக்காவின் வீட்டுக்காரர். எழுபத்து நாலு வயது, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயே சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு உட்காருகிற மனிதர், அன்றைக்குச் சட்டையையே உள்பக்கம் வெளியில் தெரியப் போட்டிருந்தார்.

"அக்கா எங்கண்ணே? மாவு இன்னும் பிழியலையா?"

"உள்ள இருக்கா. நீயே கேளு. எங்கிட்ட பேசமாட்டேங்குறா லா."

அக்கா ஹாலில் உட்கார்ந்து துணிப்பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாத்திரை டப்பா, சாமிப்படம், செல்போன் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன.

"என்னாக்கா இது? எங்க கெளம்பிட்டீங்க?"

"புக்கிட் தெங்காவுக்கு. புவன் வீட்டுக்கு."

"எப்ப வருவீங்க?"

"போறேன்னுதான் சொன்னேன். வருவேன்னு சொன்னேனா?" அக்கா தலையைத் தூக்கவில்லை. "மாவு ரெண்டு கிலோ இருக்கு, எடுத்துக்க. நாழியையும் எடுத்துக்க."

நாழியையும் என்றதும்தான் அக்கா விளையாடவில்லை என்று எனக்குப் புரிந்தது. புவனேஸ்வரன், எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கிற புக்கிட் தெங்காவில், தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அவன் பெண்டாட்டி நல்ல பிள்ளைதான். ஆனால் அக்கா அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பாலம் தாண்டினால் தூக்கம் வராது என்பார். நாற்பத்தேழு வருஷம் ஒரு மனிதரோடு வாழ்ந்துவிட்டு, அறுபத்தெட்டு வயதில் நாழியைத் தானம் பண்ணிவிட்டுப் போவதென்றால் அது சின்ன விஷயமில்லை.

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வாலிப வயதில் நல்லமுத்து அண்ணனுக்குக் கேமரா பைத்தியம். கப்பலில் வந்த ஒரு மாலுமியிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி, கலர் ஸ்லைடு எடுத்துத் தள்ளியிருக்கிறார். ஸ்லைடு என்றால் சின்ன அட்டைச் சட்டத்துக்குள் செருகிய ஃபிலிம் துண்டு. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. வெளிச்சத்தில் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே ஊர் தெரியும். அப்படி நானூறு துண்டுகள், பிஸ்கட் டின்களில், அலமாரி மேல் நாற்பது வருஷமாகக் கிடந்தன. சுவரில் போட்டுப் பார்க்கிற மெஷின் அவரிடம் கிடையாது. அக்கா அந்த டின்களை விரலாலும் தொட்டதில்லை. தூசி தட்டும்போது மட்டும் "இந்தக் குப்பைய எப்பத்தான் வீசுவீங்களோ" என்பார்.

போன வருஷம் ஃபிக்ரி என்ற பிள்ளை தேடிக்கொண்டு வந்தான். நம் தமிழ் முஸ்லிம் பிள்ளைதான், முப்பது வயதிருக்கும். ஊர்ப் பழைய படங்களைத் திரட்டுகிற ஒரு குழுவில் இருந்தான். டின்களை வாங்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றி, பன்னிரண்டு படங்களைக் கதவளவு பெரிதாக்கி, டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் மாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அக்கா பட்டு கட்டி, பூ வைத்து, முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு மாலை போட்டார்கள். அண்ணனின் உயிர்த்தோழர் யூசுப் பாய் மட்டும் வரவில்லை. முட்டி வலியாம்.

படங்கள் என்றால் அப்படிப்பட்ட படங்கள். இன்றைக்கு எக்ஸ்பிரஸ்வே ஓடுகிற இடத்தில் சேறும் சம்பான் படகுகளும். பாதி எழும்பி நிற்கிற கொம்தார் கோபுரம், சுற்றிலும் மூங்கில் சாரம். பாலத்துக்குத் தூண் நடுகிற கடல். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு. ஃபெரி துறை. இப்போது தேடினாலும் கிடைக்காத ஊர். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அதுதான் வினையாகப் போனது.

ஏனென்றால் பன்னிரண்டு படத்திலும் ஒரு பெண் நின்றாள். தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு. கட்டியிருந்தது சிவப்பு நைலெக்ஸ் சேலை, ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடு. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மலாயிலும் இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'புகைப்படக்காரரின் மனைவி, ஜெலுத்தோங் கடற்கரை, 1981.' 'புகைப்படக்காரரின் மனைவி, கொம்தார்.' இப்படியே பன்னிரண்டு.

வந்தவர்கள் அக்காவை மொய்த்துக்கொண்டார்கள். "ஆண்ட்டி, அப்ப என்னா ஸ்லிம் லா!" என்றாள் ஒரு சீனப்பெண். ஒருத்தர் அக்காவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி செல்போனில் எடுத்தார். அக்கா எல்லாருக்கும் சிரித்தார். ரோஸ் கலர் சிராப் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பன்னிரண்டு படத்தின் முன்னாலும் ஒவ்வொரு நிமிஷம் நின்றார். பிறகு என் காதருகே வந்து, "அது நான் இல்ல சந்திரிகா" என்றார்.

"என்னாக்கா?"

"சேலை என்னுது. ஆளு நான் இல்ல."

இதுதான் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சுவர் வழியே மிச்சத்தைக் கேட்டேன். காதைக் கொண்டுபோய் வைக்கவில்லை, அதுவாகவே வந்தது. "அவ யாரு?" என்று அக்கா கேட்டார். "நீதான் லா" என்றார் அண்ணன். "நான் அங்கெல்லாம் வந்ததே இல்ல." "வந்திருப்ப. மறந்திருப்ப." இந்த ஒரு வார்த்தையில்தான் அக்காவுக்கு மனசு விட்டுப்போனது.

திங்கட்கிழமை துணிப்பைக்கு எதிரே நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"சந்திரிகா, நீயே சொல்லு. அந்தச் சேலை நான் ஃபேக்டரியில வேலைக்குப் போய் மொதச் சம்பளத்துல எடுத்தது. கல்யாணத்துக்கு முன்னாடி. அதோட மூணு கோட்ட நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். ஒரு தடவ ஓரமெல்லாம் சேறு. இன்னொரு தடவ கொக்கி இழுத்த மாதிரி கிழிசல். எலின்னு நெனச்சேன். அலமாரிக்குள்ள எலிப்பொறி வெச்சேன், தெரியுமா ஒனக்கு?"

"ஐயோ அக்கா."

"அப்பல்லாம் ஞாயித்துக்கிழமையானா அவருக்கு ஓவர்டைம். காலையில போனா விளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் வருவாரு. நானும் நம்பி சோறு கட்டிக் குடுப்பேன். ரெண்டு பேருக்குக் கட்டுன்னுவாரு. யூசுப்புக்கும் சேத்து இருக்கட்டும்னுவாரு. அந்தச் சோத்த எவ தின்னாளோ!"

அண்ணன் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, சொல்லித்தான் தொலைங்களேன்! செத்தவளா இருந்தாலும் இருக்கட்டும், பேரச் சொல்லுங்க."

"சொல்லக் கூடாது லா சந்திரிகா," என்றார். சொல்லிவிட்டுச் சொன்னதற்காகப் பயந்தவர் மாதிரி பால்கனிக்குப் போய்விட்டார்.

அக்கா பையின் வாரை இழுத்துக் கட்டினார். பிறகு மெதுவாக, என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஒருவேளை நெசமாவே நான்தானோ? எனக்குத்தான் மறந்துபோச்சோ? நேத்து சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிட்டுத் தேடுனேன்ல."

எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. ஆளை இப்படிக் குழப்பிவிட்ட மனிதர்மேல் இன்னும் கோபம் வந்தது.

"அக்கா, யாருன்னு தெரியாம நீங்க பாலத்தத் தாண்டிப் போனா அவளும் கூடவே வருவா. தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நான் பைய தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விடுறேன்."

மறுநாள் நான் தனியாகப் பாசாரை முடித்துவிட்டு வந்ததும், இருவருமாகத் திரும்பவும் அந்தக் கடைவீட்டு மாடிக்குப் போனோம். கூட்டமில்லை. ஃபிக்ரி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாசி கோரேங் தின்றுகொண்டிருந்தான். அக்கா கொம்தார் படத்தின் முன்னால் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றார்.

"சந்திரிகா, முந்தானையப் பாரு. வலது தோள்ல கெடக்கு."

ஆமாம். சேலை கட்டுகிற பெண் யாராவது முந்தானையை வலது தோளில் போடுவாளா? இடதுதானே!

"தம்பி, இந்தப் படத்தத் திருப்பி மாட்டிட்டியா?" என்றேன். ஃபிக்ரி தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"இல்ல ஆண்ட்டி. ஸ்லைட உல்டாவா வெச்சா எழுத்தும் உல்டாவா வரும். இங்க பாருங்க, வேலை நடக்குற எடத்துப் போர்டு. நேராத்தான் இருக்கு."

"அப்ப அவளுக்குச் சேலை கட்டத் தெரியல," என்றார் அக்கா. "நம்ம பொண்ணே இல்ல. சீனத்தியோ, மலாய்க்காரியோ."

அவன் கம்ப்யூட்டரில் ஃபெரி துறைப் படத்தைக் கொண்டுவந்து, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினான். சேலையின் கீழே ஒரு கால் தெரிந்தது. அகலமான குதிகால், தோல் செருப்பு.

அக்கா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய காலா? இந்தக் காலப் பாத்தா அந்த மனுசன் மயங்குனாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. நான் இருமலாக்கிச் சமாளித்தேன்.

ஃபிக்ரி நெளிந்தான். "ஆண்ட்டி, எம்மேலயும் தப்பு இருக்கு. அங்கிள்கிட்ட நான்தான் கேட்டேன், இது ஆண்ட்டியான்னு. அங்கிள் ரொம்ப நேரம் யோசிச்சிட்டுத் தலைய ஆட்டுனாரு. நானும் அப்படியே எழுதிட்டேன். ஒவ்வொரு அட்டைச் சட்டத்துலயும் அவர் கையால தேதி இருக்கு. கடற்கரைப் படம் பதினஞ்சு, மூணு, எண்பத்தொண்ணு."

அக்கா விரலை மடக்கினார். "அன்னிக்கு ஞாயித்துக்கிழம. எனக்கு நல்லாத் தெரியும். புவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. வேப்பெலைக்கு நான் அலைஞ்சேன். அப்பவும் ஓவர்டைம்னு போனாரு." உதட்டைக் கடித்துக்கொண்டார். "யூசுப் அண்ணனுக்குத் தெரியாம இருக்காது. நாளைக்கு ஆயர் ஈத்தாம் போறோம்."

புதன்கிழமை மத்தியானம் கொம்தாரில் பஸ் மாறினோம். வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார். "இது பாதி ஒசரம் இருக்கிறப்ப என் சேலை இங்க நின்னிருக்கு, பாரேன்" என்றார். அதில் கோபம் எவ்வளவு, ஆச்சரியம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆயர் ஈத்தாம் பாசார் அருகே இறங்குவதற்குள் மழை கொட்டிவிட்டது. லக்சா நூடுல்ஸ் கடைக் கூடாரத்தில் ஒதுங்கி நின்றுவிட்டு, பாதி நனைந்தபடி யூசுப் பாய் இருக்கிற ஃபிளாட்டுக்குப் போனோம்.

யூசுப் பாயும் துறைமுகக் கிராணியாக இருந்தவர்தான், அண்ணனோடு ஒரே ஷெட்டில். இப்போது ஹாஜி, பள்ளிவாசல் கமிட்டியில் பெரிய ஆள். மகள் ஷாஹிரா வீட்டில் மனைவி ஹபீபா பீவியோடு இருக்கிறார். எங்களைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முட்டி வலி என்று சொன்ன முட்டி நன்றாகத்தான் வேலை செய்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க. ஹபீபா, டவல் கொண்டா. மழையில வந்திருக்காங்க."

ஹபீபா அக்கா துண்டைக் கொடுத்துவிட்டு, "இருங்க, வாழைப்பழம் பொரிச்சுக்கிட்டிருக்கேன்" என்று உள்ளே போனார். எண்ணெய் வாசனை ஹாலெல்லாம் நிறைந்திருந்தது.

"அண்ணே, நான் சுத்தி வளைச்சுப் பேசல," என்றார் அக்கா. "அவ யாரு?"

"எவ?"

"என் சேலையக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் நின்னவ."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நல்லமுத்து என்னா சொன்னான்?"

"நான்தான்னு சொல்றாரு. எனக்கு மறந்துபோச்சாம்."

"வேற ஒண்ணும் சொல்லல?"

"சொல்லக் கூடாதுங்குறாரு. பையக் கட்டிட்டேண்ணே. புவன் வீட்டுக்குப் போறேன். அதையும் பாத்துக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறாரு."

பாயின் முகம் மாறிவிட்டது. "பையக் கட்டுனதையும் பாத்துக்கிட்டா?" என்றார். "மடையன். மடையன்! நாப்பது வருசம் கழிச்சும் வாயத் தொறக்கலையே." கண்ணில் தண்ணீர் நின்றது. எழுந்து ஜன்னலருகே போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு மேல் எடுத்து வலது தோளில் தொங்கவிட்டார்.

"பாருங்க தங்கச்சி."

நான் பார்த்தேன். முதுகு கூனிவிட்டது. ஆனால் இடது பக்கம் லேசாகச் சாய்கிற அந்தக் கழுத்தைப் பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறேனே!

"அலாமாக்!" என்றேன்.

"அது நான்தான் தங்கச்சி," என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "அந்தக் கேமரா வித்த கப்பல்காரன் சொல்லிட்டான், கலர் ஃபிலிம்ல ஏதாச்சும் ஒரு சிவப்பு இருந்தாத்தான் படம் நிக்கும்னு. நம்ம ஊரு பூரா பச்சையும் சேறும்தானே. நல்லமுத்து ஒங்க சேலைய எடுத்துட்டு வந்துட்டான். மொதல்ல கம்புல மாட்டிப் பாத்தோம். துணி காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. மீன் பொறுக்க வந்த ஒரு பொம்பளகிட்ட கட்டிக்கிறியான்னு கேட்டோம். வெளக்கமாத்தால அடிக்க வந்துட்டா. அப்புறம் நான் ஒல்லியா இருக்கேன்னு எனக்கே சுத்திவிட்டான். மொகத்தக் காட்டாத, ஒருத்தருக்கும் தெரியாதுன்னான். செத்தாலும் வெளிய சொல்லக் கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். அதத்தான் அவன் காப்பாத்துறான், பொண்டாட்டி பையக் கட்டுறப்பகூட."

அக்கா வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதில்லை. "அந்தக் காலு! சந்திரிகா, அந்தக் காலு!" என்று என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். பாயும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. கதை முடிந்தது, நாளைக்கு நாழி சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஹபீபா அக்கா தட்டோடு வந்தார். "அந்தச் சேலைக் கதைதானே? எனக்கு அன்னிக்கே தெரியும்லா. வந்ததும் வராததுமா சொல்லிட்டாரு. நைலெக்ஸ் துணி பட்டதுல ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொன்னாரு." தட்டை வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணு நாலு தடவ நானும்கூடப் போனேன். இந்த அணைக்கட்டுக்கு, ஃபெரிக்கு. எனக்குப் படத்துல நிக்கப் புடிக்காது, நான் பாட்டுக்கு நெழல்ல ஒக்காந்து காத்து வாங்குவேன். நீங்க கட்டிக் குடுக்குற சோறு இருக்கே ஜெயா, அந்த நெத்திலி சம்பல்! இன்னும் நாக்குல நிக்குது."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்களும் போனீங்களா?"

"போனேனே. நல்லமுத்து அண்ணன்கிட்டகூடக் கேட்டேன், ஜெயாவையும் கூட்டிட்டு வரலாம்லன்னு. அவளுக்கு இதெல்லாம் புடிக்காதுன்னுட்டாரு."

பாய் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல. சொல்லியாகிவிட்டது. வெளியே மழை விட்டிருந்தது. அக்கா ஒரு வாழைப்பழத் துண்டை எடுத்து, ஊதி, முழுக்கத் தின்றார். பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான்தான் பேசினேன். "பொம்பள கதை இல்லன்னு ஆயிருச்சேக்கா, அப்புறம் என்னா?" என்றேன். அக்கா ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பொம்பளையா இருந்திருந்தா நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன்," என்றார் கடைசியில். "இப்ப யாரத் திட்டுறது?"

எனக்குக் குழப்பமாக இருந்தது. அண்ணன்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகு ஏன் அக்காவுக்கு முன்னைவிட வலிக்கிறது? அவரோடு வீட்டுக்குள் போனேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

அண்ணன் சோறு வடித்து வைத்திருந்தார். குழைந்து கிடந்தது.

"யூசுப் அண்ணன் சொல்லிட்டாரு," என்றார் அக்கா.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி பெருமூச்சு விட்டார். "அப்பாடா. நான் எப்படி லா சொல்லுவேன்? அவன் இப்ப ஹாஜி..."

"அது சரி. நீங்க சத்தியத்தக் காப்பாத்துனீங்க. நல்ல மனுசன்தான். எனக்குப் புடிக்காதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என்னா?"

"ஹபீபாக்காகிட்ட சொல்லியிருக்கீங்க. ஜெயாவுக்கு இதெல்லாம் புடிக்காதுன்னு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"புள்ளைங்க சின்னதுங்க. புவனுக்கு அம்மை வேற போட்டிருந்துச்சு. நீ எப்படி வருவ?"

"அது ஒரு ஞாயிறு. மத்த பதினோரு ஞாயிறு?"

கீழே மோட்டோ பைக் ஒன்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வாரம் பூரா ஷெட்டுல சத்தம். வீட்டுக்கு வந்தா புள்ளைங்க சத்தம். ஞாயித்துக்கிழம ஒரு நாளு, எனக்குன்னு இருக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான் ஜெயா. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு?"

அண்ணன் நிமிர்ந்தார்.

"எனக்குன்னு ஒரு நாளு?" அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "என் சேலை பினாங்கு பூராச் சுத்தியிருக்கு. அணைக்கட்டுப் பாத்திருக்கு, ஃபெரி பாத்திருக்கு, கொம்தார் கட்டுறதப் பாத்திருக்கு. நான் இந்தப் பாசாரத் தவிர என்னாத்தப் பாத்தேன்? எனக்குப் புடிக்குமா புடிக்காதான்னு எனக்கே தெரியாது. நீங்க கேக்கவே இல்லையே. சிவப்பு வேணும்னு எடுத்துட்டுப் போனீங்களே, அந்தச் சேலைக்குள்ள நான் இருந்தேன்ல?"

அண்ணன் அழுதார். எழுபத்து நாலு வயது மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குழைந்த சோற்றைக் கஞ்சியாக்கினார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் போகப் போகிறாரா இருக்கப் போகிறாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. பை கட்டியபடி ஹாலிலேயேதான் கிடந்தது.

வியாழன் காலை நாழி முனகியது. நான் படுக்கையிலேயே கும்பிட்டேன்.

அன்றைக்குப் பாசாருக்கே ஃபிக்ரி வந்துவிட்டான். சீனக் கிழவர் ஒருவர் இடியாப்பத்துக்குச் சர்க்கரை போதாது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்பும்வரை காத்திருந்து கேட்டான். "ஆண்ட்டி, எழுத்த மாத்தணும்ல? படத்துல இருக்குறது யாருன்னு போடட்டும்?"

அக்கா தேங்காய்ப்பூவைத் தூவியபடி யோசித்தார். யூசுப் பாயின் பேர் அவர் வாயில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"ஆளு யாருன்னு போட வேணாம் தம்பி. 'சேலை: ஜெயலெட்சுமியுடையது'ன்னு போடு. அதுல பொய்யில்ல."

"பன்னெண்டுலயும்?"

"பன்னெண்டுலயும். அப்புறம், அந்தக் கேமராவுக்கு இப்ப ஃபிலிம் கெடைக்குமா?"

"கெடைக்கும் ஆண்ட்டி. வாங்கித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய ஜெலுத்தோங் கடற்கரைக்கு. கரை எங்கே இருக்கிறது அங்கே? மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். எக்ஸ்பிரஸ்வேயில் கெரேத்தாக்கள் சீறிக்கொண்டு போயின. அண்ணன் ஸ்லைடை வானத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டடி முன்னால் போனார், மூன்றடி பின்னால் வந்தார்.

"எதிர்க்கரை மலை சரியா இருக்கு. தண்ணி இங்க வரைக்கும் வந்துச்சு. சம்பான் அங்க. இல்ல, அங்க ரோடு இருக்கே. நான் எங்க நின்னேன்? ஒண்ணும் புரியல லா, ஜெயா."

"புரியாட்டிப் பரவால்ல. நான் எங்க நிக்கட்டும்?"

"நீ..." அண்ணன் அவரைப் பார்த்தார். அக்கா கட்டியிருந்தது பாசாருக்குக் கட்டுகிற பச்சை வாயில் சேலை. சர்க்கரைப் பாகு பட்ட கறைகூட இருந்தது. அந்தச் சிவப்புச் சேலை புவன் மோட்டோ துடைத்துத் துடைத்து எப்போதோ போய்விட்டது. "சிவப்பு ஒண்ணும் இல்லையே. சிவப்பு இல்லாம படம்..."

"நான் இருக்கேன்ல. எடுங்க."

அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். பழைய பழக்கத்தில், "அந்தப் பக்கம் திரும்பி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா திரும்பவில்லை. காற்றில் பறந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து நின்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டக்கென்று ஒரு சத்தம்.

"விழுந்துச்சா?" என்றார் அக்கா.

"கழுவி வந்தாத்தான் தெரியும்."

அக்கா என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாலடி போய்த் திரும்பி, இன்னும் அதே இடத்தில் நின்றிருந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"வாங்க. இன்னும் பதினோரு ஞாயிறு இருக்கு."